நகம் பதிந்த பானெட்

கார் பெயிண்டரான என்னைக் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் தீபாவளி லீவுக்கு வந்தவன், ஐயாவின் பழைய அம்பாசடருக்குத் தானே பெயிண்ட் அடித்திருக்கிறான். பன்னிரண்டு நாள் ஆகியும் காயவில்லையாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கறுப்பு, முகம் தெரிகிறது. பானெட்டில் கட்டைவிரல் நகத்தை லேசாக அழுத்தினேன். மெழுகில் பதிவதுபோல் பதிந்தது. மழைக்குப் போர்த்தி வைத்த பழைய வேட்டியின் நெசவுகூட அச்சாக விழுந்திருந்தது.

"இந்தச் சுவத்துப் பூச்சை எத்தனை நாள் காயவிட்டாங்க தெரியுமா தம்பி? இவனுக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்றார் ஆச்சி. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். கை வைத்தால் இன்றும் வழுக்குகிறது. ஆனால் சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெதுவாக இறுகும் சரக்கு. பையன் அடித்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அப்படியில்லை. அதை இறுக்குவது அதோடு கலக்கும் ஹார்டனர். தின்னர் பறந்துபோனால் தொடுவதற்குக் காய்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஹார்டனர் குறைந்திருந்தால் பொங்கல் வரை காத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

பேரனை உட்கார வைத்து விசாரித்தேன். டின்னில் நாலு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு ஹார்டனர் என்று போட்டிருந்ததாம். முதல் கலவையை அளந்துதான் ஊற்றியிருக்கிறான். கடைசிக் கலவைக்கு ஹார்டனர் பற்றவில்லை. "கொஞ்சம் கம்மியானா என்னண்ணே, லேட்டா காயும்னு நினைச்சேன்." முதல் கலவையை எங்கே அடித்தாய் என்றேன். கூரையும் கதவுகளும். கடைசி? பானெட்டும் முன் பக்க மட்கார்டு இரண்டும்.

வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்துக் கூரையின் ஓரத்தில் தேய்த்தேன். பளபளப்பு கொஞ்சம் மங்கியது, துணியில் கறுப்பு ஏறவில்லை. பானெட்டில் தேய்த்ததும் துணி மை தொட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆக, கூரைக்கு ஆச்சி சொன்னது சரி. இடைவெளி விடாமல் கோட் மேல் கோட் அடித்ததில் தின்னர் உள்ளே மாட்டியிருக்கிறது. சூடு காட்டினால் வெளியேறும். பானெட்டை வழித்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"மேலே ஒரு கோட் கிளியர் அடிச்சா மூடிடாதாண்ணே?" என்றான் பையன், நிறமில்லாத மேல்பூச்சைச் சொல்லி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைக்குடியில் தொழில் பழகிய புதிதில் நானே செய்த காரியம் அது. இளகிய பெயிண்ட் மேல் புது கோட் அடித்து, அரை மணி நேரத்தில் கதவு முழுக்க ஆட்டுக் குடல் மாதிரி சுருங்கி, அந்த மாதச் சம்பளம் போனது.

பானெட்டில் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், போட்டால் பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும். அதனால் தின்னர் துணியும் பட்டித் தகடுமாக இரண்டு நாள் வழித்தோம். பிரைமர் இளகிய இடங்களில் தகரம் வரை போக வேண்டியிருந்தது. நெளித்துவிடாமல் பார்த்துத்தான் செய்தேன். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு மாற்று பானெட் தேடி அலைய முடியாது. பிறகு பட்டி, பிரைமர், அளவுக் கப்பில் அளந்த புதுக் கலவை, கோட்டுக்குக் கோட் கால் மணி நேரம் இடைவெளி.

அடிக்கும்போது பையன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். வெளியே அனுப்பினேன். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை அதைத் தடுக்காது. சமையல்கட்டு ஜன்னலையும் சாத்தச் சொன்னேன். என் தலைமுறை பெயிண்டர்கள் பலருக்கு இருக்கும் இருமல் சும்மா வந்ததில்லை.

கார்த்திகை மாத மழையில் வெயிலை நம்ப முடியவில்லை. கூரைக்கு இரண்டு ஹாலஜன் விளக்கை முழ தூரத்தில் வைத்து, கை பொறுக்காத சூடு வந்ததும் நகர்த்தி நகர்த்திக் காட்டினோம். நாலாவது நாள் நகம் பதியவில்லை. ஆச்சி நம்பாமல் தன் நகத்தாலும் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டுத்தான் காபி கொண்டுவரச் சொன்னார்.

மாசியில் பையன் போன் செய்தான். "அண்ணே, நீங்க வாங்கின ஹார்டனர் பாதி டின் மிச்சமிருக்கு. பைக் டேங்குக்கு அடிச்சிரவா?"

"ஆட்டிப் பாரு. தண்ணி மாதிரி ஓடுதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஜெல்லி மாதிரி இருக்குண்ணே."

"ஈரக்காத்து பட்டிருக்கு. புது டின் வாங்கு தம்பி."