டால்ஃபின் டாக்டர் ஆகணும்னு போய் மீன் கழுவின கதை

முதல்லயே சொல்லிடுறேன், டால்ஃபின் இருக்குற இடத்துக்கு இன்டர்ன்ஷிப் போனா அது கூட நீந்தவெல்லாம் விடமாட்டாங்க. அந்த ஆசைல அப்ளை பண்றவங்க இதோட நிறுத்திட்டு டிக்கெட் வாங்கி ஷோ பாத்துட்டு போயிடுங்க, காசும் மிச்சம் டைமும் மிச்சம்.

நாங்க இருக்குறது டர்பன்ல, சாட்ஸ்வொர்த். நான் படிக்கிறது பிரிட்டோரியா பக்கத்துல ஒண்டர்ஸ்டபோர்ட்ல, சவுத் ஆப்பிரிக்கால வெட், அதாவது கால்நடை டாக்டர் ஆகணும்னா இருக்குற ஒரே ஃபேகல்டி அதுதான், 6 வருஷம். படிப்புல முக்கால்வாசி ஆடு, மாடு, குதிரை, நாய், பூனை. கடல்ல இருக்குறதப் பத்தி தெரிஞ்சுக்கணும்னா லீவுல நாமளே போய்த்தான் கத்துக்கணும். ஊர்ல கடல் இருக்கு, அதனால ஜூலை லீவுக்கு இங்கயே ஒரு இடத்துல இன்டர்ன்ஷிப் கேட்டேன். இடத்தோட பேரு வேண்டாம்.

இதுல ரெண்டு வகை இருக்கு, பசங்க நிறைய பேர் குழம்புறது இங்கதான். ஒண்ணு விலங்கு பராமரிப்பு இன்டர்ன், அதுக்கு ஜுவாலஜி, மரைன் பயாலஜி படிக்கிறவங்களும் போகலாம். இன்னொண்ணு வெட் கூடவே இருக்குறது, அதுக்கு பெரும்பாலும் கடைசி வருஷத்துல இருக்குற வெட் ஸ்டூடண்ட்டதான் கேப்பாங்க. நான் அந்த ரெண்டாவதுக்கு கேட்டேன், "முதல்ல பராமரிப்புல வா, அப்புறம் வெட் கூட சில நாள் நில்லு"ன்னு பதில் வந்துச்சு. மூஞ்ச தூக்கிக்கிட்டேதான் ஒத்துக்கிட்டேன். இப்ப கேட்டா அதுதான் சரியான வரிசைன்னு சொல்வேன். வேற ஒரு இடத்துக்கும் எழுதிருந்தேன், அவங்க இன்னும் பதில் போடல, போட்டா சொல்றேன்.

பேப்பர் வேலை இருக்கே, இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் சர்டிஃபைட் காப்பி. ஐடி, மார்க் ஷீட், தடுப்பூசி கார்டு எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்துட்டு போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னா, பக்கத்துல ஒருத்தர் கார் திருட்டு கம்ப்ளைன்ட் எழுதிட்டு இருப்பாரு, நமக்கு ஒரு ஆபீசர் டொக்கு டொக்குன்னு முத்திரை குத்தி கையெழுத்து போட்டு தருவாரு, காசு கிடையாது. அந்த முத்திரை 3 மாசத்துக்கு மேல பழசாச்சுன்னா நிறைய இடத்துல செல்லாது, அதனால சீக்கிரமே குத்தி வச்சுக்காதீங்க. அப்புறம் சொந்த ரிஸ்க்ல வர்றேன்னு ஒரு கையெழுத்து, மெடிக்கல் எய்ட் (மருத்துவ இன்ஷூரன்ஸ்) விவரம், டெட்டனஸ் ஊசி, ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி.

சீலுக்கு, அதான் கடல்நாய்க்கு, எதுக்கு ரேபிஸ் ஊசின்னு அப்பா கேட்டாரு. நியாயமான கேள்விதான். 2024 ஜூன்ல கேப் டவுன் பக்கத்துல கேப் ஃபர் சீல்ங்கிற வகைக்கு ரேபிஸ் உறுதியாச்சு, அதுக்கு முன்னாடி உலகத்துலயே சீலுக்கு வந்ததா பதிவானது 1980ல நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுல ஒண்ணே ஒண்ணுதான். அதுலேந்து கடற்கரைல சீல் கடிச்சா நாய் கடிச்ச மாதிரியே எடுத்துக்கணும்.

இன்டர்வியூல டால்ஃபின் பத்தி ஒரு கேள்வி கூட வரல. வாரம் முழுக்க தரை கழுவ சொன்னா என்ன பண்ணுவ, 20 கிலோ பக்கெட் தூக்குவியா, காலைல 6 மணிக்கு முன்னாடி வருவியா, அவ்ளோதான். சம்பளம் கிடையாது, அத அவங்களும் ஒளிக்கல நானும் கேக்கல.

இப்ப மீன் கிச்சன். இதப் பத்தித்தான் நிறைய எழுதணும்னு நெனச்சேன், ஏன்னா வெளில யாரும் இதப் பத்தி பேசுறதே இல்ல. மத்தி, கானாங்கெளுத்தி, கணவாய் எல்லாம் பெட்டி பெட்டியா உறைஞ்சு மைனஸ் 18ல கெடக்கும். மறுநாளைக்கு வேண்டியத முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்கு மாத்தி மெதுவா இளக விடணும். தண்ணில ஊறப்போட்டா சீக்கிரம் இளகும், ஆனா தண்ணில கரையுற வைட்டமின் எல்லாம் அதோட போயிடும். இளகுனத அன்னிக்கே போட்டு முடிக்கணும், மிச்சத்த திரும்ப ஃப்ரீசர்ல வைக்கிற பேச்சே இல்ல. காலைல ஒவ்வொரு மீனையும் கைல எடுத்து பாக்கணும், கண்ணு குழிஞ்சிருக்கா, வயிறு கிழிஞ்சிருக்கா, செவுள் என்ன கலர்ல இருக்குன்னு. வயிறு கிழிஞ்சது தனி, அது குப்பைக்கு. கை மரத்து போயிடும், கிளவுஸ் போட்டாலும் அந்த ஐஸ் குளிர் எலும்புக்குள்ள ஏறும், ஜூலைல டர்பன்ல குளிர் இல்லன்னு சொல்றவங்கள அந்த கிச்சன்ல அரை மணி நேரம் நிக்க வைக்கணும்.

அப்புறம் எடை போட்டு ஒவ்வொரு விலங்குக்கும் அது பேரு எழுதுன பக்கெட். முதல் மீனோட செவுளுக்குள்ள வைட்டமின் மாத்திரைய சொருகுவாங்க. சில வகை மீன்ல தயமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது வைட்டமின் பி1ஐ உடைச்சிடும், மீன் செத்து உறைஞ்சு கெடக்கும்போதும் அந்த வேலை நிக்காது. அப்படியே விட்டா விலங்குக்கு நரம்பு பிரச்சனை, வலிப்பு வரைக்கும் போகும். அதனால ஒரு கிலோ மீனுக்கு 25லேந்து 35 மில்லிகிராம் பி1, கூடவே வைட்டமின் இ. இத நான் புக்ல படிச்சு எக்ஸாம் எழுதிருக்கேன், ஆனா செவுளத் திறந்து மாத்திரைய உள்ள தள்ளும்போதுதான் இது நெசமாவே மருந்துன்னு உறைச்சுது.

வீட்ல தனி கூத்து. நான் போன நேரம் சரியா ஆடி மாசம் பொறந்துடுச்சு, தெரு முழுக்க மாரியம்மன் கஞ்சி பூசை, வீட்ல சுத்த சைவம். மீன் வாடையோட வர்ற என்னைய அம்மா முன் வாசல் வழியா விடவே மாட்டாங்க, பின்னாடி கராஜ்ல டிரஸ்ஸ மாத்திட்டு குளிச்சிட்டுதான் உள்ள வரணும். "சாமிக்கு தெரியும்மா, நான் திங்கலயே, ஊட்டத்தானே செய்றேன்"ன்னேன். "சாமிக்கு தெரியும், சோபாவுக்கு தெரியாது"ன்னாங்க.

சாப்பாட்டு நோட்டுதான் அங்க பெரிய விஷயம். எத்தனை கிலோ போட்டோம், எவ்ளோ மிச்சம், எந்த மீன துப்புச்சு, எவ்ளோ சுறுசுறுப்பா வந்துச்சு எல்லாம் எழுதணும். டால்ஃபின் நோய வெளில காட்டிக்காது, கடல்ல சோர்ந்து தெரிஞ்சா சுறாவுக்கு இரைதானே. ஒரு நாள் ஒரு டால்ஃபின் கணவாய மட்டும் ரெண்டு வேளை துப்புச்சு. எனக்கு அது ஒண்ணுமே இல்லாத விஷயம். ட்ரெய்னர் நோட்டுல வட்டம் போட்டாங்க, மதியம் வெட் வந்து ரத்தம் எடுத்தாரு. எப்படி எடுக்குறாங்கன்னா, அது மல்லாந்து படுத்து வாலைத் தூக்கி ட்ரெய்னர் மடில வைக்கும், அப்படி பழக்கி வச்சிருக்காங்க, வால் துடுப்புல ரத்தக்குழாய் ஓடுற கோடு லேசா தெரியும், அங்க ஸ்பிரிட் போட்டு சின்ன ஊசி. கட்டுறதும் இல்ல, அமுக்குறதும் இல்ல. மயக்க மருந்து குடுக்க ரொம்ப யோசிப்பாங்க, ஏன்னா மூச்சு விடுறதயே நெனச்சு விடுற பிராணி அது, மயங்கினா மூச்சும் நின்னுடலாம். ரத்தத்துல லேசா இன்ஃபெக்ஷன்னு வந்துச்சு, அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சாச்சு, அதுவும் மீன் செவுள் வழியாத்தான்.

கடைசி வாரத்துல தெற்கு கடற்கரைலேந்து ஒரு ஃபர் சீல் வந்துச்சு, சப்அன்டார்க்டிக் வகை, முகமும் நெஞ்சும் மஞ்சளா இருக்கும். மரியன் தீவு, பிரின்ஸ் எட்வர்ட் தீவு அந்தப் பக்கத்துல பொறக்குறது, 1,500 கிலோமீட்டருக்கு மேல நீந்தி வந்திருக்கு, இடுப்பெலும்பு துருத்திட்டு இருந்துச்சு. பட்டினி கெடந்த உடம்புக்கு எடுத்த உடனே மீன் போடக்கூடாது, ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறாகி அதுலயே போயிடும். முதல்ல ட்யூப் வழியா உப்பு சர்க்கரை தண்ணி, அப்புறம் நீர்க்க அரைச்ச மீன், அப்புறம்தான் முழு மீன். மூக்கு நுனிலேந்து கடைசி விலா எலும்பு வரைக்கும் ட்யூப வச்சு அளந்து மார்க் பண்ற வேலை எனக்கு. ஒருத்தர் தலைல டவல போட்டு மேல மண்டி போட்டு பிடிக்க, வெட் ட்யூப உள்ள விட, நான் புனல தூக்கி பிடிச்சிட்டு நின்னேன். அந்த நாத்தத்த எழுத்துல கொண்டு வர முடியாது. முழு மீன் எடுக்குறதுக்குள்ள என் லீவு முடிஞ்சு பஸ் ஏறிட்டேன், அப்புறம் அது தானா மத்தி தின்னுச்சுன்னு மெசேஜ் வந்துச்சு.

ஒரு விஷயம், கடற்கரைல சீல் படுத்திருந்தா தண்ணி ஊத்தாதீங்க, கடலுக்குள்ள துரத்தாதீங்க. பாதி நேரம் அது ரெஸ்ட் எடுக்க வந்திருக்கும். யானை சீல் தோல் உரிக்க வரும்போது பாக்க சொறி பிடிச்ச மாதிரிதான் இருக்கும், அது நோய் இல்ல. தள்ளி நின்னு ஆளக் கூப்பிடுங்க, நாய கிட்ட விடாதீங்க.

இதுக்கு மேல போகணும்னா அமெரிக்கால கார்னெல்லும் பென்சில்வேனியாவும் சேர்ந்து 1977ல ஆரம்பிச்ச அக்வாவெட் மாதிரி கோர்ஸ் இருக்கு, ஆனா ஃபீஸ் டாலர்ல, நம்ம கைல ரேண்ட், கணக்கு போட்டா தலை சுத்தும். கேப் டவுன்ல சான்காப் இருக்கு, 1968லேந்து கடல் பறவைகளுக்கு வைத்தியம் பாக்குறாங்க, 2000ல ட்ரஷர் கப்பல் மூழ்கி எண்ணெய் கொட்டினப்ப 19,000 பெங்குவினுக்கு மேல கழுவுனவங்களும் அவங்கதான். பாலூட்டி இல்லதான், ஆனா ட்யூப் போடுறது, எண்ணெய் கழுவுறது, நோட்டு எழுதுறதுன்னு வேலை பழக நல்ல இடம். பெங்குவினுக்கு போனா கௌரவம் குறைஞ்சிடும்னு நெனைக்கிறவங்க இந்த ஃபீல்டுக்கு வர வேண்டாம்.

வேலை கிடைக்குமான்னா, இந்த நாட்டுல கடல் பாலூட்டிக்குன்னே இருக்குற வெட் வேலைய விரல் விட்டு எண்ணிடலாம். டிகிரி முடிச்சா ஒரு வருஷம் கட்டாய கம்யூனிட்டி சர்வீஸ் வேற இருக்கு, எனக்கு அது ஏதோ ஒரு கிராமத்துல ஆட்டுக்கு ஊசி போடுறதாத்தான் இருக்கும். எனக்கு அதுல வருத்தம் இல்ல, ஆட்டுக்கு ஒழுங்கா ட்யூப் போட தெரியாதவள சீல் பக்கத்துல விடமாட்டாங்க.

அடுத்த ஜூலைக்கு கேக்குறவங்க ஜனவரிலயே எழுதிடுங்க. மோட்டிவேஷன் லெட்டர்ல சின்ன வயசுலேந்து டால்ஃபின் பிடிக்கும்னு ஆரம்பிக்காதீங்க, நாய் கிளினிக்ல கூண்டு கழுவினது, பண்ணைல பால் கறந்தது அதெல்லாம் எழுதுங்க. ரேபிஸ் ஊசி ஒரே நாள்ல முடியாது, ரெண்டு மூணு டோஸ், இடைல கேப் விடணும், அத முதல்ல ஆரம்பிங்க. முத்திரைய கடைசில குத்திக்கலாம்.