ராத்திரி ரெண்டு மணி சைரன்

அக்டோபர் 7
ராத்திரி 2:10. பழங்காநத்தத்தில் எங்கள் சந்தே விழித்துக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து, "தம்பி, ஒங்க வண்டிதான் கத்துது" என்றார். கைலியை இறுக்கிக்கொண்டு ஓடினேன். கத்தியது காரின் திருட்டு அலாரம். கதவெல்லாம் பூட்டியபடியே இருந்தன. பானெட்டில் மட்டும் பூனைக் காலடி நாலு. சரி, பூனைதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 8
மறுபடி 3 மணிக்கு, அப்புறம் 3:40-க்கு. பூனையைக் காணோம். மெயின் ரோட்டில் லாரி போன அதிர்வாக இருக்குமோ? காலையில் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, அதிர்வை உணர்ந்து அலாரத்தைக் கிளப்பும் ஷாக் சென்சரைத் தேடிப் பிடித்தேன். தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா, ஓரத்தில் ஒரு திருகு. கால் சுற்றுக் குறைத்தேன். கண்ணாடியில் விரலால் தட்டினால் சும்மா இருந்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தால்தான் கத்தியது. சரியான அளவு.

அக்டோபர் 9
மழை. 1:30-க்குக் கத்தியது. திருகில் கோளாறு இல்லை.
விடிந்ததும் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தேன்: 12.5 வோல்ட். முழு சார்ஜில் 12.6 பக்கம் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் சில அலாரங்கள் அதையே திருட்டு என்று நினைத்து அலறும். இது அப்படி இல்லை.
பக்கத்து வீட்டுக்காரர் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்டோபர் 11
டாஷ்போர்டில் கப்பலூர் டோல் ரசீதுகளுக்கு அடியில் அலாரத்தோடு வந்த தாள் கிடந்தது. முதல் நாளே தேடியிருக்கலாம். எது கிளப்பியது என்று சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக் காட்டுமாம்: இரண்டு என்றால் அதிர்வு, மூன்று என்றால் கதவு அல்லது பானெட். ராத்திரி கத்தியதும் போய் எண்ணினேன். மூன்று.

அக்டோபர் 12
நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். உள் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. கதவு சுவிட்சுகள் சரி. மிச்சம் பானெட் சுவிட்ச். ரேடியேட்டர் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பின், அடியில் ஸ்பிரிங். மூடிய பானெட் அதை அமுக்கியே வைத்திருக்கும். திறந்தால் பின் மேலே எழும்பி ஒயர் வண்டியின் இரும்பைத் தொட்டு எர்த் ஆகும், சைரன் கத்தும். பின்னின் தலையில் இருக்க வேண்டிய ரப்பர் தொப்பி தேய்ந்து பாதிதான் இருந்தது. சுற்றிலும் மழைத் தண்ணீர் இறங்கிய துரு. பானெட் மூடியும் பின் முழுசாக அமுங்கவில்லை. லேசாக ஆடினாலே போதும், தொட்டுவிடும்.
ஒயரைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

அக்டோபர் 13
சத்தமே இல்லை. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் கொஞ்சம் வாங்கி, இரண்டு மடிப்பாகப் பின்னின் தலையில் கட்டினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்து ஒயரை மாட்டினேன்.

அக்டோபர் 16
மூன்று ராத்திரி, அதில் ஒன்று கொட்டிய மழை. மூச்சு விடவில்லை. பைபாஸ் ரோடு எலக்ட்ரீசியனிடம் காட்டினேன். "ட்யூபு ஒரு மாசம் தாங்கும்ணே, அதுக்குள்ள சுவிட்ச மாத்திருங்க" என்றார். சொல்லி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வரும்.
வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் சூடான பானெட்டில் பூனை ஏறிப் படுத்தது. விரட்டவில்லை.