ஈசிஜியைப் போனில் அனுப்பும்போது

இரவு நேரத்தில் தாலுகா மருத்துவமனைக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல இதய நிபுணர் அங்கே இருப்பது அபூர்வம். அதனால் படம் வாட்ஸ்அப்பில் போகிறது. போகட்டும், ஆனால் அதை எடுக்கிற லட்சணம்தான் சரியில்லை.

பெரும்பாலும் தாளைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டு, நின்றவாக்கில் சாய்வாக எடுக்கிறார்கள். தெர்மல் தாள் வழுவழுப்பானது. பிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக வி2, வி3 (நெஞ்சின் முன்பக்கத்தில் எடுக்கும் பதிவுகள்) மேல் விழுந்தால் பார்க்க வேண்டிய இடமே போச்சு. பிளாஷை அணைத்து, தாளை மேஜையில் விரித்து, போனை நேர்மேலே பிடியுங்கள். சாய்ந்தால் கட்டங்கள் ஒரு பக்கம் சுருங்கும். எஸ்டி உயர்வை (மாரடைப்பில் அலையின் ஒரு பகுதி மேலேறி நிற்பது) 1 மி.மீ., 2 மி.மீ. என்று அளப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. தாளின் ஓரத்து அளவுக்குறியை வெட்டிவிடாதீர்கள். ஒரு மில்லிவோல்ட்டுக்கு வழக்கமான 10 மி.மீ.க்குப் பதில் இயந்திரம் 5 மி.மீ.யில் இருந்தால், அலை பாதியாகச் சிறுத்திருப்பதை அந்தக் குறிதான் காட்டிக்கொடுக்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காமல் போய்ச் சேரும்.

இடது, வலது கை வயர் மாறினால் லீடு 1 என்ற பதிவு தலைகீழாகும், வழக்கமாகக் கீழ்நோக்கும் ஏவிஆர் பதிவு நிமிர்ந்து நிற்கும். மறுமுனையில் இருப்பவருக்குச் சந்தேகம் வரலாம், வயரைப் பார்க்க முடியாது. அனுப்புமுன் அதைப் பார்ப்பது கட்டிலருகே நிற்பவர் வேலை.

படத்தோடு வயது, வலி தொடங்கிய நேரம், ரத்த அழுத்தம், ரத்தக்கசிவோ பக்கவாதமோ முன்பு வந்ததா என்பதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம். மருத்துவமனை எண்ணையும் நேரத்தையும் தாளிலேயே எழுதிவிட்டால், ஒரே சமயத்தில் இரண்டு ஈசிஜி போனாலும் ஆள் மாறாது.

நீல டிக் விழுந்துவிட்டதே என்று காத்திருக்காமல் கூப்பிட்டுப் பேசுங்கள். நிபுணர் சொல்லும் மருந்தளவைத் திருப்பிச் சொல்லுங்கள். சத்தமான வார்டில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கமாகச் சொன்னால் குழப்பமில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஏற வேண்டியது. அதே வேலை செய்யும் டெனெக்டிப்ளேஸ் எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி., ஒரே ஊசி. இரண்டுக்கும் நடுவே குழம்ப இடமே கொடுக்கக் கூடாது.

யார் சொன்னார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை உடனே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் வாட்ஸ்அப் போன்றவற்றை அனுமதிக்கிறது, கூடவே பதிவு வைக்கவும் சொல்கிறது. கேலரியில் தானாகச் சேமிப்பதை நிறுத்திவையுங்கள். இல்லையென்றால் வீட்டில் குழந்தைகள் விளையாடும் போனில் நோயாளியின் படம் கிடக்கும்.

தெர்மல் தாள் நாளடைவில் வெளுக்கும், ஸ்பிரிட் பட்டாலும் கெடும். அன்றே நகலெடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். படம்தான் இருக்கிறதே என்று விட்டால், டியூட்டி மாறியதும் அந்தப் போன் வீட்டுக்குப் போய்விடும்.