பச்சை வளையம் போடலாமா?

ஜூன் 19, வியாழன்

லிங்க்ட்இன்னில் என் படத்தைச் சுற்றி "வேலை தேடுகிறேன்" என்று பச்சை வளையம். போட்டேன். சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்களோ என்று எடுத்தேன்.

ஜூன் 21, சனி

அந்தச் சுவரின் படம் மறுபடி கண்ணில் பட்டது. ஜார்ஜ்டவுனில் லெபோ பினாங்கு தெருவிலுள்ள பழைய கடைவீடு, அஞ்சடி நடைபாதைத் தூண் வரை நான் பூசியது. "எங்கள் குழுவின் சாதனை" என்று பழைய கம்பெனி போட்டிருக்கிறது. தூணில் சாய்ந்து நிற்பவர் முதலாளி.

தரை ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சென்றால் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துக்கொள்ளும், உள்ளே உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். எவனோ அப்பிய சிமெண்டைக் கொத்தி எடுத்தது யார்? சுவர் காயும்வரை பொறுத்து, மெல்லிசு மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசி, வெயிலில் வெடிக்காமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டது யார்? அந்தச் சாக்கை நனைக்க ஞாயிற்றுக்கிழமையும் போனது யார்?

இங்கே டைரியில் கொட்டுகிறது. அங்கே லிங்க்ட்இன்னில் ஒரு வரி வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மழை.

ஜூன் 24, செவ்வாய்

எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் "கொத்தப்பட்டது", "பூசப்பட்டது". பேய் வந்து பூசிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. அழித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

அவால் முஹரம், இஸ்லாமியப் புத்தாண்டு விடுமுறை. ஃபெரி ஏறி பட்டர்வொர்த், சித்தப்பா வீடு.

"வியவற்க எஞ்ஞான்றும் தன்னைன்னு வள்ளுவரே சொல்லிட்டாரே, சித்தப்பா."

தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் குறள் சொன்னால் சும்மா விடுவாரா? "குறள் பின்னாடி ஒளிஞ்சுக்காதம்மா. நன்னூலை எடு."

நன்னூல் எழுதிய பவணந்தி முதலில் அடிக்கத்தான் செய்கிறார். யாருக்கும் தோன்றாததைத் தோற்றுவித்து, பல துறையிலும் முடித்துக் காட்டினாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல. அடுத்த சூத்திரத்திலேயே நாலு இடத்தில் அனுமதி: அரசனுடைய மன்றத்துக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவே, அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்தபோது.

"இதுல நீ எதும்மா?"

"ரெண்டாவது. முதலாவதும்தான், விண்ணப்பம் அனுப்பிட்டுக் காத்துக் கிடக்கேனே."

சித்தி அடுப்படியிலிருந்தே, "நாலாவதையும் சேர்த்துக்க," என்றார்.

பச்சை வளையமும் ஓலைதானே?

ஜூன் 30, திங்கள்

போட்டுவிட்டேன். "சாக்கை நனைத்தவள் நான்" என்று முதல் வரி. சுண்ணாம்பு நீற்றித் தந்த அண்ணனிடம் பேர் போடலாமா என்று கேட்டேன். "நம்ம பேரா? தாராளமா போடுங்க தங்கச்சி." பழைய கம்பெனியைத் தொடவே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தால்தானே.

ஜூலை 1, செவ்வாய்

"இவ்வளவு பீத்திக்கணுமா? கண்ணு பட்டுடும்," என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அப்புறம் பார்த்தால் குடும்ப வாட்சாப் குரூப்பில் பதிவைப் பகிர்ந்திருப்பதும் அதே அம்மா.

ஜூலை 3, வியாழன்

முதலாளி லைக் போட்டிருக்கிறார். லைக் மட்டும்.

ஜூலை 7, திங்கள்

ஜார்ஜ்டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நாள், மாநில விடுமுறை. லெபோ பாசாரில் நடக்க இடமில்லை. அப்படியே சுவரைப் பார்க்கப் போனேன். அடியில் ஓரமாக வெள்ளைப் பொடி. வயிற்றைக் கலக்கியது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். கரிக்கவில்லை, வெறும் சுண்ணாம்பு. பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் என்னைப் பார்த்த பார்வை!

ஜூலை 9, புதன்

ஈப்போவிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட். பதிவைப் படித்தாராம். பழைய வீடு, சுவர் உரிகிறதாம், விலை கேட்கிறார்.

எழுதுகிறேன், குறைக்கிறேன், இன்னும் குறைக்கிறேன். யார் கேட்டார்கள் குறைக்கச் சொல்லி? சுவரைப் பற்றிப் பேச வந்த வாய் காசைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறது. அக்கா போனில் கத்தினாள்: "முதல்ல எழுதினதையே அனுப்புடி!"

இன்னும் அனுப்பவில்லை. சதுர அடிக்கா, நாள் கணக்கா? போக்குவரத்துச் செலவு தனியா?