ஜாமீன் கிடைத்த பிறகும் உள்ளே

டெல்டா பக்கத்து நடுவர் நீதிமன்றங்களில் சட்ட உதவி வழக்குகள் பார்க்கிறேன். ஜாமீன் வாங்குவதுதான் பெரிய காரியம் என்று வெளியில் நினைக்கிறார்கள். சின்னத் திருட்டு, அடிதடி வழக்குகளில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான்.

உத்தரவில் ‘இரு நபர் ஜாமீன்’ என்று இருக்கும்; அதாவது இரண்டு பேர் அவருக்காகப் பொறுப்பேற்று நிற்க வேண்டும். ஜாமீன்தாரருக்குச் சொத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூலி வேலை செய்பவரின் சொந்தபந்தமும் கூலி வேலைதானே செய்யும்? போதாததற்கு இந்தப் பக்கம் நிறைய நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தம். தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர் பெயரிலும் பட்டா இருக்காது. குடியிருக்கும் மனைகூடக் கோயில் மனையாக இருக்கும். “வக்கீலம்மா, வீட்டு வரி ரசீது இருக்கு, போதுமா?” என்று கேட்பார்கள். ஒரு கோர்ட்டில் போதும், இன்னொன்றில் போதாது.

இத்தனைக்கும் 1978-லேயே மோத்திராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைப் பேசிவிட்டார். மோத்திராம் ஒரு கொத்தனார். அவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சகோதரர் ஜாமீன் நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்தார்கள். அதைக் கண்டித்த தீர்ப்பை இன்றும் மனுவில் எழுத வேண்டியிருக்கிறது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்கு அதைவிட உபயோகம். ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணைப் பத்திரம் வராவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். சின்ன வழக்கில் ஒரு மாதமே அதிகம் என்பது என் எண்ணம்.

2024 ஜூலை 1-இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479-ஆவது பிரிவு, இதற்கு முன் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்திருந்தால் விடச் சொல்கிறது. ஆனால் வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. கூடுதலாக ஒரு வழக்கு சேர்ந்துவிட்டவர்கள் இதில் அடிபட்டுப் போகிறார்கள்.

எப்படியோ வெளியே வந்துவிட்டால், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. நாற்றுப் பறிக்கப் போகிறவர் அந்த நேரத்தில் வயலில் இருக்க வேண்டும். பாதி வேலையில் கிளம்புகிறவரை யார் கூப்பிடுவார்கள்? அதனால் ஜாமீன் மனுவிலேயே, வாரம் ஒரு நாள் மாலையில் கையெழுத்து போதும் என்று கேட்டுவிடுகிறேன். சில நடுவர்கள் சரி என்கிறார்கள். மற்றவர்களிடம் கொஞ்ச நாள் கழித்துத் தளர்வு மனு போடுவேன். அது உத்தரவாகி வருவதற்குள் பெரும்பாலும் நடவு முடிந்திருக்கும்.