கருப்பட்டி வாங்கினால் சீனத்தில் பில்

கோயில் கொடைக்கு ஊருக்கு வந்து பையை இறக்கி வைக்கவில்லை, அதற்குள் அம்மா சொன்ன முதல் செய்தி, "அண்ணாச்சி கடையில பில்லு சைனாவுல வருதாம்லா". யார் வீட்டில் நிச்சயம், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். அண்ணாச்சி கடை பலசரக்குக் கடை. நேற்றுவரை துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, வாயாலேயே கூட்டிச் சொன்ன மனிதர். மகன் நச்சரித்தான் என்று பில் போடும் சாஃப்ட்வேரும் ரெண்டு இஞ்சு தெர்மல் பிரிண்டரும் வாங்கிவிட்டார். இங்கிலீஷில் பில் கொடுத்தால் ஆச்சிமார் தெருவுக்கே வந்து சத்தம் போடுவார்கள் என்று, சரக்குப் பெயரையெல்லாம் தமிழில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். திரையில் கருப்பட்டி, கொத்தமல்லி, நல்லெண்ணெய் என்று முத்து முத்தாகத் தமிழ். பட்டனைத் தட்டினால் காகிதத்தில் சீனம்.

நான் போய் நின்றபோது ஓர் ஆச்சி பில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது, சன்னல் சன்னலா வரைஞ்சு வச்சிருக்கு? துட்டு மட்டும் தெளிவாப் போட்டிருக்கே!"

"மிஷின் கோளாறு ஆச்சி."

"கோளாறுன்னா துட்டும்லா கோளாறா வரணும்?"

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் ஆச்சிக்கு அது தேவைப்படவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் இதை வச்சுக்கிடுதேன்" என்று பில்லை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

ஆச்சி கேட்டது சரியான கேள்வி. எழுத்தைக் கணினி எண்ணாக்கிப் போட்டுவைக்கும் சின்ன அறைக்குப் பைட் என்று பெயர். எண்களும் இங்கிலீஷ் எழுத்தும் கணினிக்குள் ஆளுக்கு ஒரு பைட். அவற்றின் குறியெண் 128-க்குக் கீழே. அதை எந்தப் பிரிண்டரும் குழப்பாது. சீனத்துக்கு அது போதாது. ஒரு பைட்டில் இருப்பது 256 இடம். சீனர்கள் 1980-இல் கொண்டுவந்த தரத்திலேயே 6,763 சீன எழுத்துகள். அதனால் இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்து ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி வாங்கிய பிரிண்டர் அந்தப் பழக்கத்தோடேயே பெட்டியிலிருந்து இறங்கியிருக்கிறது. 128-க்கு மேல் பைட் வந்தால் போதும், ஜோடி சேர்த்துவிடும்.

நம் தமிழோ யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் மூன்று மூன்று பைட்டாகப் போகிறது. கருப்பட்டிக்கு நம் கணக்கில் ஆறு எழுத்து. உலக மொழி எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில் புள்ளியும் கொக்கியும் தனித்தனி என்பதால் பத்து. அதாவது 30 பைட். ஜோடி போட்டால் 15 சீன எழுத்து. ரெண்டு இஞ்சுக் காகிதத்தில் ஒரு வரிக்குக் கொள்வதே 16 என்பதால், கருப்பட்டி மட்டும் ஒரு வரியை அடைத்துப் படுத்துக்கொள்ள, விலை பாவம் அடுத்த வரியில் தனியாக நின்றது. ஆச்சி சொன்ன சன்னலும் பொய்யில்லை. தமிழ் எழுத்து எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்று. அந்த ஜோடிக்குச் சீனத்தில் விழும் இரண்டு எழுத்துக்கும் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம். அதுதான் மூன்று எழுத்துக்கு ஒருதரம் வந்துகொண்டே இருந்தது. சீனத்தில் அந்தச் சதுரம் வாயைக் குறிக்குமாம். அண்ணாச்சி கடை பில்லில் வரிக்கு வரி வாய். பொருத்தம்தான்.

விற்றவர்களுக்குப் போன் போட்டோம். "ஸ்கிரீன்ல தமிழ் வருதா? அப்ப சாஃப்ட்வேர்ல பிரச்சினை இல்ல சார், பிரிண்டர்காரங்களைக் கேளுங்க." பிரிண்டர்காரர், "செல்ஃப் டெஸ்ட் அடிங்க, சரியா வருதா? அப்ப பிரிண்டர்ல பிரச்சினை இல்ல சார்." இரண்டு பேரும் சொன்னது நிஜம் என்பதுதான் கொடுமை.

சரி, சீனத்தை நிறுத்துவோம் என்று அதற்கான கட்டளையை அனுப்பினேன். நின்றது. இப்போது பைட்டுக்கு ஓர் எழுத்தாக, 437 என்ற பழைய எழுத்து அட்டவணையில் இருப்பதை அடிக்க ஆரம்பித்தது. கிரேக்க எழுத்தான ஆல்ஃபா, ஒரு ஜோடிக் கொக்கி, அப்புறம் ஏதோ ஒன்று. மறுபடி ஆல்ஃபா, கொக்கி. அண்ணாச்சி மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "கிரீஸ் வந்துட்டு அண்ணே" என்றான்.

"தம்பி, நம்ம எழுத்தையே இந்தப் பெட்டிக்குள்ள ஏத்திட முடியாதா?" என்றார் அண்ணாச்சி. ஏற்றினாலும் போதாது. வெல்லம் என்று அடித்தால் கணினி முதலில் வ-வை வைத்து, கொம்பை அதற்குப் பின்னால்தான் வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கிப் போடுவது கணினியில் இருக்கும் வேறொரு நிரலின் வேலை. பில் பிரிண்டருக்கு அந்தப் பக்குவம் கிடையாது. வந்த வரிசையிலேயே அடிக்கும். வ-வின் கொம்பு பக்கத்து ல-வுக்குப் போய்விடும்.

கடைசியில் சாஃப்ட்வேரின் செட்டிங்கில் ஒரு மூலையில் கிடந்த 'படமாக அச்சிடு' என்பதை டிக் செய்தேன். கணினியே எழுத்தை வரைந்து படமாக அனுப்பிவிடும். பிரிண்டர் புள்ளி வைத்தால் போதும், மொழி எதுவும் தெரிய வேண்டாம். வரிக்கு 384 புள்ளி, அதாவது 48 பைட். 32 புள்ளி உயரத்துக்கு ஒரு வரி எழுத 1,536 பைட். முப்பது பைட் கருப்பட்டிக்கு இது கொஞ்சம் ஓவர்தான். பிரிண்டர் முன்போல் சர்ரென்று போகாமல் திக்கித் திக்கி அடித்தது. ஆனால் வந்தது தமிழ்.

அண்ணாச்சி பில்லை மேலும் கீழும் பார்த்தார். எழுத்து நீளமாகிக் காகிதம் கூடுதலாக ஓடியிருந்தது. கடைசியில் இருந்த 'நன்றி, மீண்டும் வருக' மேல் விரலை வைத்தார்.

"இதை மட்டும் எடுத்துருங்க தம்பி. வாரவன் சொல்லாமலே வருவான். காயிதம் என்ன சும்மாவா வருது?"