மக்காச்சோளம் வீடு வந்த பிறகு வகுப்பு

ஆப்பிரிக்க நாடான மலாவியில் கிராமத்துக் கிறிஸ்தவ சபைகளின் மூப்பர்களுக்கு வேத வகுப்பு எடுக்கப் போவதானால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள். நவம்பரில் மழை இறங்கியதும் ஊரே மக்காச்சோள வயலில் இருக்கும். ஜனவரி தொடங்கி மார்ச் வரை பல வீடுகளில் மாவு தீர்ந்து பசிக்காலம். ஏப்ரல், மேயில் அறுவடை முடிந்து குதிர் நிறைந்தால், தலையில் மாவு மூட்டையும் விறகும் சுமந்து அவர்களே வந்து சேர்வார்கள்.

தலைநகர் லிலோங்வேயிலிருந்து டெட்சா சாலையில் தெற்கே போய் இடப்புறம் திரும்பினால் ன்கோமா மலை. அதன் அடிவாரத்தில் 1896-இல் தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையார் மிஷன் அமைத்தார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு போதகரின் கையில் பல ஜெபவீடுகள் இருக்கும். பெரும்பாலான ஞாயிறுகளில் பிரசங்கம் மூப்பர்களுடையது. காலையில் களை எடுத்தவர் மாலையில் வேதம் படிக்கிறார்.

1963-இல் குவாத்தமாலாவில் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி இவர்களுக்கு ஏற்ற முறை: வீட்டில் பாடநூலைப் படித்துப் பதில் எழுதுவது, குழுவாகக் கூடிப் பேசுவது, கற்றதைச் சபையில் செய்து பார்ப்பது. கெட்டுப்போவது பெரும்பாலும் நடுப்பகுதிதான். குழுத் தலைவர் பாடத்தையே மறுபடி பிரசங்கித்துவிடுவார். மற்றவர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்துப் பதில் எழுதிக்கொள்வார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தலைவரைப் பழக்குங்கள். அந்த மௌனம் நீளும், நெளிய வைக்கும். பொறுத்துக்கொண்டால் மூலையில் இருப்பவர் பேசுவார்.

இன்னொன்று: நாற்பதைத் தாண்டியவர் கேள்விக்கு விழித்தால் பாடம் புரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். +1.5 முதல் +3 வரை வாசிப்புக் கண்ணாடிகள் ஒரு டஜன் கொண்டுபோவது, விளக்கவுரை நூல்கள் ஒரு பெட்டி கொண்டுபோவதைவிட உபயோகம். கைப்பிரதிகள் அவர்கள் பேசும் சிச்சேவா மொழியில் இருக்கட்டும். முழு வேதாகமம் 1922 முதலே அந்த மொழியில் உண்டு; 1998 மொழிபெயர்ப்பு நடை எளிது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே வசனத்தை ஒப்பிடச் சொன்னால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும், அவ்வளவு சுவாரசியமான சண்டை.

சாப்பாடு ன்சீமா, அதாவது மக்காச்சோள மாவுக் களி. களி கிண்டத் தெரிந்தவர்களுக்குப் பாதி தெரியும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் மாவைக் கரைத்து முதலில் கஞ்சியாகக் கொதிக்கவிட வேண்டும். பிறகுதான் மிச்ச மாவைத் தூவித் தூவி மரத்துடுப்பால் அழுத்திக் கிண்டுவது. கொதிநீரில் மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். சாப்பிடுமுன் ஒருவர் சொம்பால் நீர் ஊற்ற, எல்லோரும் கை கழுவுவார்கள். அந்த வேலையை நீங்கள் வாங்கிச் செய்தால், வகுப்பில் வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பிப்பார்கள்.

கடைசி நாள் ஜெபம் முடிந்ததும் பாடிக்கொண்டே வரிசையாக வெளியே வருவார்கள். முதலில் வந்தவர் நிற்க, அடுத்தவர் கைகொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க, வரிசை வளைந்துகொண்டே போகும். ஒருவர் விடாமல் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்தாக வேண்டும். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று நினைத்தால் வண்டியைப் பத்தரைக்குச் சொல்லி வையுங்கள்.